திறந்த வெளியா, மூடிய ஷெட்டா: ஒரு கேரவன் நின்ற மூன்று இடங்கள் குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்தப் பதிவில் வரும் வண்டி, காரின் பின்னால் கோத்து இழுத்துச் செல்லும் வகையைச் சேர்ந்த ஒரு கேரவன். இழுவைக் கம்பியையும் சேர்த்து அதன் நீளம் 7.1 மீட்டர், கூரை மேல் பொருத்திய ஏசியின் மூடி வரை அளந்தால் உயரம் 2.95 மீட்டர். மரச்சட்டத்தின் மேல் மெல்லிய அலுமினியத் தகடு போர்த்திய சுவர்கள், பிளைவுட் மீது ஒட்டப்பட்ட ஈபிடிஎம் ரப்பர் விரிப்புக் கூரை, 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரி ஒன்று, முன்பக்கப் பெட்டியில் இரண்டு கேஸ் சிலிண்டர்கள் என்பது அதன் அமைப்பு. உரிமையாளர்கள் பணி ஓய்வு பெற்ற ஒரு தம்பதியர். வண்டி அவர்கள் கைக்கு வந்தபோது அதற்கு 7 வயது ஆகியிருந்தது. ஆண்டுக்கு 40 இரவுகள் அளவில் அதில் தங்கிப் பயணம் செய்வார்கள். எஞ்சிய 300 நாட்களுக்கும் மேல் அது எங்கேயாவது நின்றாக வேண்டும். வீட்டு முற்றத்தில் அதற்கு இடம் போதவில்லை; தெருவில் நிறுத்தவும் வழியில்லை. ஆகவே வாடகைக்கு இடம் தேடுவது தவிர்க்க முடியாததாயிற்று.

அவர்கள் வாழும் பகுதியில் கோடை வெயில் கடுமையானது. குளிர்காலத்தில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இறங்கும் இரவுகளும் வரும். இவ்வகை வண்டிகளைப் பழுதுபார்க்கும் தொழிலில் இருக்கும் நான், முதல் ஆண்டின் முடிவிலிருந்து இந்த வண்டியைப் பார்த்து வருகிறேன். இங்கே விவரிக்கப்படும் தவறுகளில் ஒன்று என்னுடையது என்பதையும், உரிமையாளர்களின் ஒப்புதலோடுதான் இதை எழுதுகிறேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் ஆண்டு: திறந்த வெளியும் தார்ப்பாயும்

முதலில் தேர்ந்தெடுத்த இடம், சரளைக்கல் பரப்பி வேலியிட்ட ஒரு திறந்த வெளி. வாடகை குறைவு, எந்த நேரத்திலும் வந்து வண்டியை எடுத்துச் செல்லலாம் என்ற இரண்டு காரணங்களே அன்றைக்குப் போதுமானவையாக இருந்தன. மழைக்கும் வெயிலுக்கும் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று கணவர் ஒரு பெரிய நீலத் தார்ப்பாயை வாங்கி, வண்டி முழுவதையும் போர்த்தி, அடியில் கயிறு கட்டி இறுக்கினார். குளிர்காலம் முடியும்வரை அது அப்படியே இருந்தது.

வசந்தத்தில் தார்ப்பாயை விலக்கியபோது தெரிந்தவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றின. வண்டியின் முன் விளிம்புகளிலும் ஜன்னல் சட்டங்களின் ஓரங்களிலும், காற்றில் அடித்துக்கொண்டே இருந்த தார்ப்பாய் வர்ணத்தைத் தேய்த்து மங்கலாக்கியிருந்தது. கூரையின் மேல் காற்றுத்துளை மூடிகளைச் சுற்றிப் பூசியிருந்த சீலண்ட், அதாவது இடைவெளிகளில் தண்ணீர் புகாமல் அடைக்கும் பசை, இறுகி, மயிரிழை அளவுக்கு வெடித்திருந்தது. இந்த வெடிப்பு ஒரு குளிர்காலத்தில் வருவதன்று, முந்தைய ஆண்டுகளின் வெயில் செய்த வேலை. வெயில் படும் பக்கத்து டயரின் பக்கச்சுவரில் நுண்ணிய பிளவுகள் வரிவரியாக ஓடின. வண்டிக்குள் நுழைந்ததும் ஒரு மக்கல் வாடை வந்தது. அது முன்பக்க இடது மூலையில், படுக்கைக்குக் கீழே உள்ள பெட்டியிலிருந்து வருவதாக மனைவி கண்டுபிடித்தார்.

அந்த நிலையில்தான் வண்டி என்னிடம் வந்தது. ஊசி முனை கொண்ட ஈரமானியால் அளந்தபோது இடது முன்மூலையில் மரத்தின் ஈரம் 24 சதவீதம் காட்டியது. அதற்கு நேர் எதிரே வலது மூலையில் 13. ஒரே வண்டியில், ஒரே நாளில், ஒரே உயரத்தில் எடுத்த இரண்டு அளவுகளுக்கிடையே இவ்வளவு வேறுபாடு இருந்தால் அதைக் காற்றின் ஈரப்பதத்தின் மேல் சுமத்த முடியாது. தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது என்றே கொள்ள வேண்டும். மரத்தைத் தின்னும் பூஞ்சை 20 சதவீதத்துக்குக் கீழே பொதுவாக வளராது என்பதால், 24 என்ற அளவு எச்சரிக்கைக்கு உரியது. மூலையை மூடும் அலுமினியப் பட்டைக்கு அடியில் சீலண்ட் விட்டுப்போயிருந்தது. பட்டையைக் கழற்றி, பழைய சீலண்டைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக அடைத்தேன். கூரைத் துளைகளைச் சுற்றியும் அவ்வாறே செய்தேன்.

வேலை முடியும் தறுவாயில் அந்த அம்மையார் என்னிடம், "உள்ளே இன்னும் ஈரம் இருக்குமோ, தம்பி? ஒருதரம் திறந்து பார்த்துவிடலாமா?" என்று கேட்டார். "வேண்டாம் அம்மா, வழியை அடைத்தாயிற்று, இனித் தானாகக் காய்ந்துவிடும்" என்று நான் சொன்னேன். உள்பக்கப் பலகையை வெட்டித் திறந்தால் அதற்கு ஈடான நிறத்தில் பலகை கிடைக்காது என்ற தயக்கம்தான் அப்படிச் சொல்ல வைத்தது.

அடுத்த குளிர்காலத்துக்கான தேர்வு

திறந்த வெளி வேண்டாம் என்பதில் தம்பதியர் இருவரும் உறுதியாக இருந்தார்கள். அவர்கள் முன்னால் மூன்று வாய்ப்புகள் இருந்தன: மேலே தகரக் கூரையும் நான்கு பக்கமும் திறப்பும் உள்ள நிறுத்தம், நான்கு சுவரும் கதவும் உள்ள ஆனால் வெப்பமூட்டாத ஷெட், வெப்பமூட்டிய கட்டடம். இதே வரிசையில் வாடகையும் ஏறியது.

வெப்பமூட்டிய கட்டடத்தை உயரமே தள்ளிவிட்டது. அதன் கதவுக்கு 3 மீட்டர் இடைவெளி உண்டு, வண்டியின் உயரம் 2.95 தானே என்று கணவர் கணக்குப் போட்டிருந்தார். ஆனால் வாசலில் ஒரு சிறு சரிவு இருந்தது. ஒற்றை அச்சில் நிற்கும் நீண்ட வண்டி சரிவில் ஏறும்போது அதன் முதுகு தட்டையாக இருக்காது. சக்கரம் மேட்டில் ஏறிய கணத்தில் கூரையின் ஒரு பகுதி கதவின் மேல்விட்டத்துக்கு அருகில் எழும்பும். 5 சென்டிமீட்டர் இடைவெளியை நம்பி ஏசியைப் பணயம் வைப்பது சரியாகப் படவில்லை. இடம் பார்க்கப் போகிறவர்கள் விளம்பரத்தில் உள்ள உயரத்தைப் படிப்பதோடு நிற்காமல், அளவுநாடாவோடு போய் வாசல் தரையையும் பார்க்க வேண்டும் என்பதை இங்கே ஒரு குறிப்பாக விட்டுச் செல்கிறேன்.

மூடிய ஷெட்டா, திறந்த கூரையா என்ற கேள்வியில் விவாதம் நீண்டது. ஷெட்டுக்கு ஆதரவாகச் சொல்லப்பட்டவை வலுவானவை. அங்கே புற ஊதாக் கதிர் எட்டாது. ஆகவே சீலண்டும் டயரும் ரப்பர் கூரையும் வெயிலால் கெடாது. மழை, ஆலங்கட்டி, பனிப்பாரம், பறவை எச்சம் எதுவும் படாது. பூட்டிய கட்டடம் என்பதால் திருட்டு பயமும் குறைவு. முதல் ஆண்டில் கண்ணால் கண்ட சேதங்களில் பெரும்பாலானவை வெயிலாலும் தார்ப்பாயாலும் வந்தவை என்பதால், ஷெட் அவை எல்லாவற்றுக்கும் ஒரே விடையாகத் தோன்றியது.

எதிராகச் சொல்லக்கூடியவை ஒப்பந்தத்தின் பிற்பக்கங்களில் இருந்தன. ஷெட்டுக்குள் வண்டிகள் வரிசையாக ஒன்றன் பின் ஒன்றாக நிறுத்தப்படும். நடுவில் இருப்பதை வெளியே எடுக்க வேண்டுமானால் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். உள்ளே மின் இணைப்பு கிடையாது. தீ அபாயம் கருதி கேஸ் சிலிண்டர்களைக் கழற்றி வெளியே கம்பிக் கூண்டில் வைக்க வேண்டும். இது சரியான விதி, ஏனெனில் புரொப்பேன் வாயு காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானது, கசிந்தால் மூடிய கட்டடத்தின் தரையில் தேங்கி நிற்கும். ஈரம், எலி, பூச்சி இவற்றால் வரும் சேதத்துக்கு இடத்தின் உரிமையாளர் பொறுப்பல்லர் என்றும் ஒரு வரி இருந்தது. இவை எல்லாம் சிறு தொந்தரவுகள் என்றே அன்று எங்களுக்குப் பட்டன. குளிர்காலத்தில் வண்டியை எடுக்கப் போவதில்லை, பிறகு நடுவரிசையில் நின்றால் என்ன என்று கணவர் கேட்டார். நானும் மறுக்கவில்லை.

ஷெட்டில் ஐந்து மாதங்கள்

குளிர்காலத் தொடக்கத்தில் வண்டி ஷெட்டுக்குள் போயிற்று. தண்ணீர் அமைப்பை முறைப்படி தயார் செய்திருந்தோம். சுடுநீர்த் தொட்டியை வடித்து, குழாய்களில் நச்சற்ற புரொப்பலீன் கிளைகால் உறைதடுப்பு நீர்மத்தை ஏற்றியிருந்தோம். நீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 சதவீதம் கூடும் என்பதால் இதில் குறை வைக்க முடியாது. இதில் குறை வரவும் இல்லை. டயர்களில் பக்கச்சுவரில் குறித்த அளவுக்குக் காற்று நிரப்பப்பட்டது. ஈரத்தை உறிஞ்ச கால்சியம் குளோரைடு உப்பு போட்ட இரண்டு பிளாஸ்டிக் பெட்டிகளை மனைவி உள்ளே வைத்தார். பேட்டரியின் முதன்மை ஸ்விட்சை கணவர் அணைத்துவிட்டுக் கதவைப் பூட்டினார். அதன் பிறகு ஐந்து மாதங்கள் ஒருவரும் வண்டியைப் பார்க்கவில்லை.

வசந்தத்தில் வண்டியை வெளியே இழுத்து வந்த அன்று நானும் உடன் இருந்தேன். வெளித்தோற்றம் அப்பழுக்கில்லாமல் இருந்தது. வர்ணம், கூரை, சீலண்ட் எல்லாம் நாங்கள் விட்ட நிலையிலேயே இருந்தன. டயர்ப் பிளவுகள்கூடக் கூடவில்லை. ஷெட் எதைத் தருவதாகச் சொன்னதோ அதைத் தந்திருந்தது. கதவைத் திறந்தபோதுதான் நிலைமை தெரிந்தது.

படுக்கை மெத்தையின் அடிப்பக்கம் முழுவதும் கரும்புள்ளிகளாகப் பூசணம் பூத்திருந்தது. மூடியே வைத்திருந்த குளிர்பெட்டிக்குள்ளும் அப்படியே. உப்புப் பெட்டிகள் இரண்டும் விளிம்புவரை நிறைந்து, ஒன்று கவிழ்ந்து, அதிலிருந்த உவர்நீர் அலமாரியின் கீல்களைத் துருப்பிடிக்க வைத்திருந்தது. பேட்டரியின் உறை உப்பி ஒரு பக்கம் வெடித்திருந்தது. இடது முன்மூலையில் ஈரமானி 28 காட்டியது. போகும்போது 24 இருந்த இடம் காய்வதற்குப் பதிலாக ஏறியிருந்தது. உள்பலகையை விரலால் அழுத்தினால் அமுங்கியது. வலது மூலையும் 17 என்று உயர்ந்திருந்தது. வண்டியின் அடியில் இரும்புச் சட்டகத்தில் நீர்த்துளிகள் முத்து முத்தாகக் கோத்து நின்றன. மழைத்துளி ஒன்றுகூட அதன் மேல் விழுந்திராத ஐந்து மாதங்களுக்குப் பிறகு அந்தக் காட்சி எங்கள் மூவரையும் சற்று நேரம் பேசவிடாமல் செய்தது.

எதனால் இப்படி ஆனது

பேட்டரியின் கதை எளிது. முதன்மை ஸ்விட்ச் அணைக்கப்பட்டிருந்தாலும், கேஸ் கசிவைக் கண்டறியும் கருவியும் வானொலியின் நினைவகமும் ஸ்விட்சைத் தாண்டி நேரடியாகப் பேட்டரியோடு இணைக்கப்பட்டிருந்தன. பிறகு அளந்து பார்த்ததில் இரண்டும் சேர்ந்து 0.12 ஆம்பியர் இழுத்தன. சிறு அளவுதான், ஆனால் ஒரு நாளைக்கு 2.88 ஆம்பியர்-மணி, 35 நாட்களில் 100 ஆம்பியர்-மணி. இரண்டாம் மாதத் தொடக்கத்திலேயே பேட்டரி முழுவதும் இறங்கியிருக்க வேண்டும். முழு மின்னேற்றத்தில் உள்ள ஈய-அமில பேட்டரி கடுங்குளிரையும் தாங்கும். அதன் அமிலக் கரைசல் உறைய மைனஸ் 60 டிகிரி அளவுக்குக் குளிர் வேண்டும். முற்றிலும் இறங்கிய பேட்டரியில் கரைசல் பெரும்பாலும் தண்ணீராகவே இருப்பதால் மைனஸ் 10 டிகிரியை நெருங்கும்போதே உறைந்துவிடும். வெப்பமூட்டாத ஷெட் அந்த இரவுகளில் வெளியை விடப் பெரிதாக வெதுவெதுப்பாக இருக்கவில்லை.

மூலையின் ஈரம் ஏறியதற்கு இரண்டு காரணங்கள் சேர்ந்தன. முதலாவது, நான் காய்ந்துவிடும் என்று சொன்ன தண்ணீர் காயவில்லை. வெளியே அலுமினியத் தகடு, உள்ளே வினைல் ஒட்டிய பலகை, நடுவே ஈரம் குடித்த கண்ணாடிப் பஞ்சு; இந்த அமைப்பில் நீராவி வெளியேற வழி அரிது. நுழைந்த துளையையும் நானே அடைத்துவிட்டேன். கோடை முழுவதும் வெயிலில் நின்றிருந்தால் சுவர் சூடாகி ஓரளவாவது காய்ந்திருக்கலாம். குளிர்ந்த, காற்றோட்டமற்ற, இருண்ட ஷெட்டில் அந்த வாய்ப்பும் இல்லை.

இரண்டாவது காரணம் எனக்கே அன்றுவரை முழுதாக விளங்காதது. ஷெட்டின் கான்கிரீட் தரையும் சுவரும் குளிர்காலக் குளிரைப் பல வாரங்கள் தம்முள் வைத்துக்கொள்ளும். வசந்தத்தில் வெளிக்காற்று சூடேறிய பிறகும் அவை சில்லென்றே இருக்கும். அவற்றோடு சேர்ந்து வண்டியும் சில்லென்றே நிற்கும். வேறு வண்டிகளை எடுக்க ஷெட்டின் பெருங்கதவு திறக்கப்படும்போதெல்லாம் வெதுவெதுப்பான ஈரக்காற்று உள்ளே நுழைந்தது. வண்டியை எடுத்த அன்று வெளியே 18 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஒப்பு ஈரப்பதமும் இருந்தன. அத்தகைய காற்றின் பனிநிலை ஏறத்தாழ 12 டிகிரி. அதாவது 12 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தப் பரப்பின் மேலும் அது நீராகப் படியும். ஷெட்டின் தரை அன்று 8 டிகிரியில் இருந்தது. சட்டகத்தில் கோத்திருந்த முத்துகளுக்கும் வலது மூலையின் 17 சதவீதத்துக்கும் இதுவே விளக்கம். குளிர்காலத்தில் சேதம் நடந்தது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். ஈரத்தைப் பொறுத்தவரை அதில் பெரும்பகுதி கடைசி சில வாரங்களில் நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

இந்த இரண்டுக்கும் மேலே மூன்றாவதாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 35 நாட்களில் இறங்கிய பேட்டரியை நாற்பதாவது நாள் ஒருவர் பார்த்திருந்தால் அது வெடித்திருக்காது. உப்புப் பெட்டி ஆறாவது வாரத்தில் நிறைந்தபோது கொட்டிவிட்டிருந்தால் கீல் துருப்பிடித்திருக்காது. ஷெட் பாதுகாப்பானது என்ற நம்பிக்கையும், நடுவரிசையில் நிற்கும் வண்டிக்குள் ஏறிப் பார்க்க முன்கூட்டியே சொல்லியாக வேண்டும் என்ற விதியும் சேர்ந்து, பார்க்க வேண்டும் என்ற எண்ணத்தையே எங்களிடமிருந்து எடுத்துவிட்டன. முதல் ஆண்டில் தார்ப்பாய் போட்டு மூடியபோது நடந்ததும் வேறு உருவத்தில் இதுவேதான்.

சுவரைத் திறந்த பின் எடுத்த முடிவு

இம்முறை இடத்தைப் பற்றிய பேச்சை ஒத்திவைத்துவிட்டு முதலில் சுவரைத் திறந்தோம். இடது மூலையில் 60 சென்டிமீட்டர் அகலத்துக்கும் 110 சென்டிமீட்டர் உயரத்துக்கும் உள்பலகையை வெட்டி எடுத்தபோது, மூலைச்சட்டத்தின் கீழ்ப்பகுதியும் அதைத் தாங்கும் அடிச்சட்டத்தின் ஒரு துண்டும் ஈரச் சோறுபோல் கையோடு வந்தன. பஞ்சை நீக்கி, மின்விசிறியும் ஈரநீக்கி இயந்திரமும் வைத்து இரண்டு வாரங்கள் காயவிட்டு, அளவு 12 சதவீதத்துக்கு வந்த பிறகே புது மரம் வைத்துச் சுவரை மூடினோம். நிறம் ஒத்த பலகை கிடைக்கவில்லை. அந்தத் திட்டு இன்றும் தெரிகிறது. அம்மையார் அதன் மேல் ஒரு வரைபடத்தை ஒட்டி வைத்திருக்கிறார்.

இடத்தைப் பற்றிய கருத்து வேறுபாடு அதன் பிறகும் இருந்தது. கணவர் மீண்டும் திறந்த வெளிக்கே போகலாம், தார்ப்பாய் மட்டும் வேண்டாம் என்றார். மனைவிக்கு மின் இணைப்புள்ள வேறொரு ஷெட் பிடித்திருந்தது. ஆனால் ஆள் இல்லாத நேரத்தில் மின்கருவி எதையும் ஓடவிடக் கூடாது என்பது அதன் தீ விதி, ஆகவே ஈரநீக்கியை அங்கே வைக்க முடியாது. முடிவில் தேர்ந்தெடுத்தது, முதல் பட்டியலிலேயே இருந்தும் இருபுறமும் சேராதது என்று நாங்கள் ஒதுக்கிய திறந்த கூரை நிறுத்தம்.

அதற்கான காரணங்களை வரிசையாகச் சொல்கிறேன். கூரையின் மேல் நேராக விழும் நடுப்பகல் வெயிலையும் மழையையும் தகரம் தடுக்கிறது. சீலண்டைக் கெடுப்பவை முக்கியமாக இவையே. தெளிந்த இரவில் திறந்த வானத்தின் கீழ் நிற்கும் பொருள் தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து சுற்றியுள்ள காற்றை விடவும் குளிர்ந்துபோகும், அதனால்தான் விடியலில் அதன் மேல் பனி படிகிறது. மேலே ஒரு கூரை இருந்தால் இந்த இழப்பு பெரிதும் குறையும். பக்கங்கள் திறந்திருப்பதால் வண்டியின் வெப்பநிலை வெளிக்காற்றோடு கூடவே ஏறி இறங்கும், வசந்தத்தில் ஷெட்டைப்போலப் பின்தங்கி நிற்காது; படிந்த ஈரத்தையும் காற்று கொண்டுபோகும். எல்லாவற்றையும்விட, முன்னனுமதி எதுவும் இல்லாமல் நினைத்த நேரத்தில் போய்க் கதவைத் திறந்து பார்க்கலாம். கூரையின் அடியில் 3.6 மீட்டர் இடைவெளி இருந்ததால் உயரத்துக்கும் கவலையில்லை.

நிறுத்தும் விதத்திலும் சில மாற்றங்கள் செய்தோம். மழை பெரும்பாலும் அடிக்கும் திசைக்குக் கதவில்லாத பக்கத்தைத் திருப்பி, முன்முனையைச் சிறிது உயர்த்தி நிறுத்தினோம். கூரையில் சாரல் விழுந்தாலும் தண்ணீர் பின்னோக்கி ஓடிவிடும். கூரைக் காற்றுத்துளைகளை மழை புகாத மூடி போட்டுச் சிறிது திறந்து வைத்தோம். மெத்தைகளை நிமிர்த்தி வைத்து, குளிர்பெட்டிக் கதவை இடைக்கட்டை வைத்துத் திறந்துவிட்டோம். தகரத்துக்கு அடியில் சூரியத்தகடு பயன்படாது என்பதால் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துச் சென்று, தானே அளவறிந்து நிற்கும் சார்ஜரில் போட்டார்கள். தார்ப்பாயோ வேறு போர்வையோ போடவில்லை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்ப்பது என்றும், ஒவ்வொரு முறையும் குறித்த ஆறு இடங்களில் ஈரமானியை வைத்து அளவை ஒரு நோட்டில் எழுதுவது என்றும் அம்மையார் பொறுப்பேற்றார்.

அதன் பின் நடந்தவை

இந்த ஏற்பாட்டில் இரண்டு குளிர்காலங்கள் கடந்துவிட்டன. ஆறு இடங்களின் அளவுகளும் 11-க்கும் 14-க்கும் இடையிலேயே இருந்து வருகின்றன. நீண்ட மழைக்குப் பிறகு ஒருமுறை மட்டும் பின்ஜன்னலின் கீழே 16 வந்து, அடுத்த வருகையில் 13-க்கு இறங்கியது. வண்டிக்குள் வைத்த சிறு பதிவுக்கருவி காட்டும் ஒப்பு ஈரப்பதம் வெளியே உள்ளதைப் பின்தொடர்ந்து ஏறி இறங்குகிறது. உயர்ந்தாலும் நாள்கணக்கில் அங்கேயே தங்குவதில்லை. பூசணம் திரும்ப வரவில்லை.

குறைகளே இல்லை என்று சொல்ல முடியாது. முதல் குளிர்காலத்தில் ஒரு சுண்டெலி, மின்கம்பி நுழையும் துளை வழியாக உள்ளே வந்து, துண்டுகளைக் கிழித்துக் கூடு கட்டத் தொடங்கியிருந்தது. அதன் மண்டையோடு நுழையும் அளவுக்கு, அதாவது ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் இடைவெளி கிடைத்தால் அதற்குப் போதும். அடுத்த வருகையிலேயே கண்ணில் பட்டதால் மின்கம்பி எதையும் கடிப்பதற்கு முன் அதை அகற்றி, துளையைச் சுற்றி இரும்பு நார் திணித்து அடைத்தோம். குளிர்காலத்தில் சூரியன் தாழ்ந்து செல்வதால் பிற்பகல் வெயில் கூரைக்கு அடியில் சாய்ந்து வந்து ஒரு பக்கத்து டயரின் மேல் விழுவதை நாங்கள் முதலில் எதிர்பார்க்கவில்லை. இப்போது அந்தப் பக்கத்துக்கு வெள்ளைத் துணி உறை போட்டிருக்கிறோம். அதற்கு முன்பே டயர்களை மாற்றியாயிற்று. பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். அதைப் படித்தபோது டயர்கள் வண்டியோடு பிறந்தவை என்று தெரிந்தது. ஓடும்போதுதான் ரப்பரில் கலந்துள்ள பாதுகாப்பு மெழுகு மேற்பரப்புக்கு வரும். ஆண்டில் பெரும்பகுதி நின்றே கழிக்கும் வண்டியின் டயர் தேய்வதற்கு முன்பே மூப்படைந்துவிடும்.

மீண்டும் முதலிலிருந்து என்றால்

முதல் ஆண்டின் முடிவில் 24 என்ற அளவைக் கண்ட அன்றே சுவரைத் திறந்திருப்பேன். அந்த அளவைக் கையில் வைத்துக்கொண்டு எந்த இடம் நல்லது என்று பேசியது வீண் பேச்சு. உள்ளே ஈரம் உள்ள வண்டிக்கு மூடிய ஷெட் தீங்கு செய்கிறது. அதே ஷெட், சுவர் காய்ந்த வண்டிக்கு, அதுவும் கதவருகே மின் இணைப்போடு ஓர் இடம் கிடைத்தால், திறந்த கூரையை விட நல்லதாகவே இருக்கும். வண்டி முழுவதும் பளபளப்பான வர்ணம் பூசிய பெரிய மோட்டார் ஹோம் (தன் எஞ்சினாலேயே ஓடும் வீட்டு வண்டி) வைத்திருப்பவருக்கு, வெயிலே முதல் எதிரி என்பதால், நான் இன்றும் ஷெட்டையே சொல்வேன். பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், ஆறு வாரத்துக்கு ஒருமுறையாவது உள்ளே ஏறிப் பார்க்க உரிமை தருமாறு ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள் என்றும் சேர்த்துச் சொல்வேன். வசந்தத்தில் ஷெட்டின் தரை சூடேறும்வரை வண்டியை அங்கே விட்டு வைக்காமல், உறைபனி நின்ற கையோடு வெளியே கொண்டுவந்துவிடுவதும் நல்லது.

கால்சியம் குளோரைடு பெட்டிகளை யாரும் பார்க்காத இடத்தில் வைக்கச் சொல்ல மாட்டேன். முதன்மை ஸ்விட்ச் எல்லாவற்றையும் துண்டிக்கிறதா என்பதை, ஸ்விட்சை அணைத்த பிறகு பேட்டரிக் கம்பியில் மின்னோட்டம் அளந்தே முடிவு செய்வேன். தம்பதியரின் கருத்தும் கேட்டேன். கணவர் தார்ப்பாயை முதல் நாளே விற்றிருப்பேன் என்றார். அம்மையார், அன்றைக்குத் திறந்து பார்க்கலாமா என்று கேட்டதோடு நின்றிருக்கக் கூடாது, திறக்கச் சொல்லியிருக்க வேண்டும் என்றார்.

கடந்த வருகையின் குறிப்பில் ஆறு அளவுகளும் 12, 12, 13, 11, 13, 12 என்று உள்ளன. வீட்டில் உள்ள பேட்டரி 12.7 வோல்ட் காட்டுகிறது. நான் மூன்றாண்டுகளுக்கு முன் கூரைத் துளைகளைச் சுற்றிப் பூசிய சீலண்டில் பின்பக்க மூடியின் ஓரம் மட்டும் லேசாக விலகத் தொடங்கியிருப்பதாக நோட்டின் அடியில் அவர் எழுதியிருக்கிறார். அடுத்த வாரம் ஏணியோடு அங்கே போகிறேன்.